முழு வட்டம் தெரிந்தால் மட்டும்

வார்டோவில் ஒரு சட்டம்.
இரண்டு மாத இருட்டு முடிந்து
ஜனவரியில் சூரியன் எட்டிப் பார்க்கும்போது
அதன் அடிவிளிம்பும் கடலை விட்டு எழுந்தால்தான்
கோட்டையில் பீரங்கி வெடிக்கும்.
பாதிச் சூரியனுக்கு வெடி கிடையாது.
முக்காலுக்கும் கிடையாது.
வெடித்த நாள் பள்ளிக்கு விடுமுறை,
அதனால் எங்கள் ஊரில்
எழுதப் படிக்கும் முன்பே
எல்லோருக்கும் இந்தச் சட்டம் மனப்பாடம்.

"அப்படியானால் ஐம்பத்தொன்றில் என்ன செய்வார்கள்?"
ஹால்டிஸ்தான் கேட்டாள்,
தூண்டில் கொட்டகையில்
கானாங்கெளுத்தித் துண்டுகளைக்
கொக்கி கொக்கியாகக் குத்திக்கொண்டே.

இரண்டாயிரத்து ஐம்பத்தொன்று, ஏப்ரல் பதினொன்று.
விடியும்போதே அது கடிபட்டு எழும்.
ஹோர்னோயா பாறைக்குப் பின்னாலிருந்து
நகம் வெட்டி எறிந்ததுபோல் ஒரு கீற்று,
விட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு.
மிச்சமெல்லாம் நிலா.

இந்தக் கணக்கை எனக்குத் தந்தவன் சிக்வார்ட்,
ராடார் குன்றில் மின்வேலை பார்ப்பவன்.
ஐந்நூறு குரோனர் தரவேண்டும் எனக்கு.
அசல் வரும்வரை வட்டி என்று
ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்:
பதினெட்டு வருடம், பதினோரு நாள், எட்டு மணி நேரம்.
அந்தத் தவணைக்கு ஒருமுறை
அதே கிரகணம் திரும்பி வருமாம்.
அந்த எட்டு மணி நேரம்தான் வில்லங்கம்.
அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு உருண்டுவிடும்,
அழைப்பிதழ் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் இங்கேயும் வந்தது.
எனக்கு ஒன்பது வயது, உடம்பெல்லாம் சின்னம்மை,
ஜன்னலில் போர்வை கட்டியிருந்தார்கள்.
போர்வை கொஞ்சம் கூடுதலாகக் கறுத்தது.
நான் பார்த்தது அவ்வளவுதான்.
முப்பத்துமூன்றில் அது அலாஸ்காவுக்கு.
அங்கே யாரோ என் பங்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.
அதற்கடுத்தது எங்களுக்கு,
அப்போது எனக்கு நாற்பத்தைந்து.

சிக்வார்ட் தாளின் பின்பக்கம்
இன்னும் ஒன்று இருந்தது.
இந்தக் குடும்பத்துக்கு எண் நூற்றிருபது.
தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றில் பிறந்தது,
தென்கோடியில், ஒரு சிறு கடியாக.
பெங்குவின்கள் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம்.
பிறகு ஒவ்வொரு தவணைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக
வடக்கே ஏறி வந்திருக்கிறது.
அலாஸ்காவில் விழுவதுதான் அதன் கடைசி முழு இருட்டு.
ஐம்பத்தொன்றில் நிழலின் நடுக்கரு
பூமியைத் தொடாமல்
வடதுருவத்துக்கு மேலாகப் போய்விடும்,
இரையை முகர்ந்துவிட்டு விலகும் காட் மீன்போல.
ஓரம் மட்டும் நம்மேல் உரசும்.
அதன்பின் எட்டே எட்டு, தேயத் தேய.
இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்தில்
ஒரு ஜூலை நாள், கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல்.
அத்தோடு வம்சம் முடிந்தது.

"வெடிப்பார்கள்" என்றாள் ஹால்டிஸ்.
"விடிகாலையில் படுக்கையை விட்டு எழுந்தவனுக்கு
ஒரு சத்தமாவது கேட்க வேண்டாமா?"
"மாட்டார்கள்" என்றார் ஆர்ன்ட்.
"ஜனவரிச் சட்டம் ஏப்ரலுக்குச் செல்லாது.
செல்லும் என்றாலும் முழு வட்டம் எங்கே?"

நான் சொன்னேன், பொறுங்கள்.
ஒரு மணி நேரம் போனால் நிலா விலகிவிடும்.
அட்டைக் கண்ணாடிகளைக் குப்பையில் போட்டுவிட்டு
எல்லோரும் காபிக்குக் கிளம்பியிருப்பார்கள்.
அண்ணாந்து பார்க்க ஒருத்தரும் இல்லாத அந்த நேரம்
சூரியன் முழுசாக நிற்கும்,
எந்த விசேஷமும் இல்லாமல்.
சட்டப்படி வெடிக்க வேண்டியது அப்போதுதான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
கத்தியைத் துடைத்துவிட்டு ஹால்டிஸ்
பென்சிலை எடுத்தாள்.
கொட்டகைச் சுவரில் ஏற்கெனவே
எத்தனையோ பேரின் கடன்,
ஒரு டிராக்டரின் டயர் அளவு,
ஓல்கா என்ற பெயர், அதன்மேல் ஒரு அடித்தல்.
அதற்குக் கீழே எழுதினாள்:
11.4.2051. மூன்று பேர், மூன்று பதில்.
தோற்கிறவர்கள் ஆளுக்கு ஒரு தொட்டித் தூண்டில்
இரை குத்தித் தர வேண்டும்.

அதுவரை இந்தச் சுவர் நிற்குமா
என்று ஆர்ன்ட் கேட்கவில்லை.
அவருக்கு இப்போதே அறுபத்தெட்டு.
கையெழுத்து மட்டும் போட்டார், அழுத்தி.

நான் கொக்கிகளுக்குத் திரும்பினேன்.
முந்நூற்றுப் பத்தா, பதினொன்றா?
பேச்சில் விட்டுப்போயிற்று.
ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.